‘ஓபன்எஸ்எஸ்எச் பழையது’ என்கிறது தணிக்கை அறிக்கை: நானே கம்பைல் செய்து மாற்றிவிடலாமா?

கேள்வி: எங்கள் அலுவலக சர்வரில் டெபியன் 12 என்ற லினக்ஸ் வழங்கல் இருக்கிறது. தொலைவிலிருந்து அதற்குள் நுழைய ஓபன்எஸ்எஸ்எச் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பாதுகாப்புத் தணிக்கை செய்தவர்கள், “ஓபன்எஸ்எஸ்எச் 9.2பி1 பழைய பதிப்பு. இதில் சிவிஇ-2024-6387 என்ற பொது அடையாள எண் கொண்ட பாதுகாப்பு ஓட்டை உள்ளது. உடனே 9.8பி1க்கு மாற்றவும்” என்று எழுதி, ஒரு வாரம் கெடு கொடுத்திருக்கிறார்கள். அப்டேட் கட்டளை கொடுத்தால், புதுப்பிக்க எதுவும் இல்லை என்று வருகிறது. மூலநிரலை இறக்கி நானே கம்பைல் செய்து (இயங்கும் நிரலாக மாற்றி) போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு முன் ஒரு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. நிறுவிய தொகுப்புகளைக் காட்டும் டிபிகேஜி கட்டளையால் ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் தொகுப்பின் முழுப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ‘9.2பி1’ என்பதோடு அது முடியாது. ‘9.2பி1-2+டெப்12யு3’ என்பதுபோல ஒரு வால் இருக்கும். 9.2பி1 என்பது ஓபன்எஸ்எஸ்எச் குழுவினர் வைத்த எண். வால் டெபியன் சேர்த்தது. ‘டெப்12யு3’ என்றால், டெபியன் 12க்காக அந்தத் தொகுப்பில் செய்யப்பட்ட மூன்றாவது திருத்தம் என்று பொருள். சிவிஇ-2024-6387 ஓட்டை அடைக்கப்பட்டது அந்த மூன்றாவது திருத்தத்தில்தான். உங்கள் எண் யு3 அல்லது அதற்கு மேல் என்றால் ஓட்டை உங்களிடம் இல்லை. யு2 என்று இருந்தால் அறிக்கை சொல்வது சரி. உங்கள் சர்வருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரவில்லை. தொகுப்புகளை எங்கிருந்து பெறுவது என்ற பட்டியலில் டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வரியை யாராவது நீக்கியிருந்தால், ‘புதுப்பிக்க எதுவும் இல்லை’ என்ற செய்திக்கு மதிப்பே கிடையாது.

தணிக்கைக் கருவி ஏன் இப்படிச் சொல்கிறது? பெரும்பாலும் அது உங்கள் சர்வருக்குள் நுழைந்து பார்ப்பதில்லை. எஸ்எஸ்எச் இணைப்புக்கான 22ஆம் போர்ட்டைத் தட்டியதும் சர்வர் தன் பெயரைச் சொல்லும் வரி ஒன்று வரும்: ‘எஸ்எஸ்எச்-2.0-ஓபன்எஸ்எஸ்எச்_9.2பி1 டெபியன்-2+டெப்12யு3’. கருவி முன்பாதியை மட்டும் படிக்கிறது. 8.5பி1 முதல் 9.7பி1 வரை பாதிக்கப்பட்டவை என்று அதன் பட்டியலில் இருக்கிறது, 9.2 அதற்குள் வருகிறது. சிவப்புக் குறி விழுந்துவிடுகிறது. பதில் அதே வரியின் பின்பாதியிலேயே இருக்கிறது.

இந்த ஓட்டை எப்படி உண்டானது, எப்படி அடைக்கப்பட்டது என்று தெரிந்தால் டெபியன் செய்வதன் நியாயம் விளங்கும். ஒருவர் எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்துவிட்டு, கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல் இருந்தால், சர்வர் 120 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத் துண்டிக்கும். கெடு முடியும்போது ஒரு சிக்னல் வரும். அப்போது நடந்துகொண்டிருக்கும் வேலை எதுவானாலும் பாதியில் நின்று, சிக்னலுக்கான நிரல் ஓடும். அந்த நிரல், நடந்ததைப் பதிவு செய்ய சிஸ்லாக் என்ற பதிவு வசதியை அழைத்தது. சிஸ்லாக் தன் வேலைக்கு நினைவகம் கேட்கும். பாதியில் நின்ற வேலையும் அதே நொடியில் நினைவகத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தால், நினைவகக் கணக்கு குலைந்துவிடும். அந்த நொடியைக் குறிவைத்துத் திரும்பத் திரும்ப இணைப்பவர், கடைசியில் ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்தையே கைப்பற்றலாம். ஓட்டையைக் கண்டுபிடித்த குவாலிஸ் நிறுவனத்தினர் 32 பிட் லினக்ஸில் இதைச் செய்து காட்டினார்கள். சராசரியாகப் பத்தாயிரம் முயற்சிகளும் 6 முதல் 8 மணி நேரமும் தேவைப்பட்டன.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இது 2006இலேயே கண்டுபிடித்து அடைத்த ஓட்டை என்பதுதான். 2020இல் பதிவு எழுதும் நிரலை ஒழுங்குபடுத்தியபோது, பழைய காவல் வரி ஒன்று தவறுதலாக நீங்கிவிட்டது. 2021 மார்ச்சில் வந்த 8.5பி1 பதிப்போடு ஓட்டை திரும்பிவந்தது. டெபியன் 11இல் இருந்த 8.4பி1 அதைவிடப் பழையது. அதனாலேயே அதில் இந்த ஓட்டை இல்லை. ‘புதியதென்றால் பத்திரம்’ என்ற கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது.

2024 ஜூலை 1 அன்று செய்தி வெளியானது. அன்றைக்கே ஓபன்எஸ்எஸ்எச் 9.8பி1 வந்தது; டெபியனின் திருத்தமும் வந்தது. இத்தகைய ஓட்டைகளைப் பற்றி லினக்ஸ் வழங்கல்களின் பாதுகாப்புக் குழுக்களுக்கு முன்கூட்டியே ரகசியமாகத் தெரிவித்துவிடும் வழக்கம் இருக்கிறது. பூட்டு தயாராகும்வரை ஊருக்குச் சொல்லாமல் இருக்கும் ஏற்பாடு அது.

இரண்டு திருத்தங்களும் ஒன்றல்ல. 9.8இல் சர்வர் நிரலையே இரண்டாகப் பிரித்திருந்தார்கள். தவறாக நடந்துகொள்ளும் முகவரிகளைத் தானாகவே சற்று நேரம் தடுத்துவைக்கும் புது வசதியும் அதில் உண்டு. நாம் கேட்காமலே அது இயங்கும். நல்ல வசதிதான். ஆனால் அலுவலகம் முழுவதும் ஒரே முகவரியிலிருந்து இணையும் இடத்தில், ஒருவர் செய்யும் தவறுக்கு எல்லோரும் வெளியே நிற்க நேரலாம். ஓட்டையை அடைக்க வந்த அப்டேட் இப்படிச் சர்வரின் நடத்தையை மாற்றக்கூடாது என்பதே நிலைப் பதிப்பின் வாக்குறுதி. ஆகவே டெபியன் குழு 9.2ஐ அப்படியே வைத்துக்கொண்டு, சிக்னல் நேரத்தில் பதிவு எழுதும் வரிகளை மட்டும் முடக்கியது. இதைப் பேக்போர்ட் என்பார்கள். ரெட் ஹேட், உபுண்டு ஆகியவற்றிலும் இதே முறைதான்.

தணிக்கையாளருக்குப் பதில் எழுதுவது கடினமல்ல. மூன்றைச் சேர்த்து அனுப்புங்கள்: முழுப் பதிப்பு எண், அந்தச் சிவிஇ எண்ணுக்கு டெபியன் பாதுகாப்புத் தடங்காணியில் (செக்யூரிட்டி டிராக்கர்) உள்ள பக்கம், டெபியனின் டிஎஸ்ஏ-5724 பாதுகாப்பு அறிவிப்பு. தொகுப்பின் மாற்றப் பதிவில் அந்தச் சிவிஇ எண்ணைத் தேடி, அந்த வரியையும் ஒட்டிவிட்டால் மறுபேச்சு இருக்காது. சர்வருக்குள் நுழைந்து தொகுப்புப் பட்டியலைப் படிக்கும் முறையில் கருவியை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். இத்தகைய பொய் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி அதிலேயே உதிர்ந்துவிடும்.

யு2 என்று இருந்து, இன்றே புதுப்பிக்க முடியாத நிலை என்றால், எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ‘லாகின் கிரேஸ் டைம்’ (அந்த 120 விநாடிக் கெடு) மதிப்பை 0 ஆக்கி, சேவையை ரீலோட் செய்யுங்கள். கெடுவே இல்லாததால் அந்தச் சிக்னலும் வராது. ஆனால் சும்மா திறந்துவைத்த இணைப்புகளால் சர்வரை நிரப்பி, உங்களையே உள்ளே வரவிடாமல் செய்ய முடியும். ஓரிரு நாளுக்கு மட்டும் இது சரி.

கம்பைல் செய்யாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சர்வரைப் பார்க்கப் போயிருந்தேன். அப்டேட்டுகள் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. ஆனால் ஓடிக்கொண்டிருந்த எஸ்எஸ்எச், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ இதுபோன்ற ஓர் அறிக்கைக்குப் பயந்து கைப்படக் கம்பைல் செய்தது. வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். டெபியனின் அப்டேட் கருவியான ஆப்ட் அதைத் தொடவில்லை, ஏனென்றால் அது இருப்பதே ஆப்டுக்குத் தெரியாது. நீங்கள் இன்று 9.8ஐக் கையால் போட்டால், அடுத்த ஓட்டை வரும் நாளில் அதைக் கவனிக்க வேண்டியவர் நீங்கள் மட்டுமே.

அப்டேட் போட்டதும் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். எஸ்எஸ்எச் தொகுப்பைப் புதுப்பிக்கும்போது சேவையை டெபியனே மறுதொடக்கம் செய்துவிடும். பல சேவைகள் பகிர்ந்து பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரிகளின் கதை வேறு. வட்டில் புதிய கோப்பு வந்தாலும், ஏற்கெனவே ஓடும் சேவைகள் நினைவகத்தில் உள்ள பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, மூலத் திருத்தம் 1.0.1ஜி பதிப்பில் வந்தது. டெபியன் 7 தன் 1.0.1இ பதிப்பிலேயே ‘டெப்7யு5’ என்று ஒட்டுப் போட்டுக் கொடுத்தது. உடனே யு6 என்று இன்னொன்றையும் வெளியிட்டது. பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சேவைகளை மறுதொடக்கம் செய்யட்டுமா என்று நிர்வாகியிடம் கேட்பதற்காகவே அது வந்தது. இன்று ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற கருவி அந்த வேலையைச் செய்கிறது. இல்லையென்றால் நிறுவிக்கொள்ளுங்கள்.

டெபியன் கவனிப்பது தன் களஞ்சியத்திலிருந்து வந்தவற்றை மட்டுமே. டாக்கர் இமேஜுக்குள் இருப்பது, விற்பனையாளர் கொடுத்த மென்பொருளோடு பொதிந்து வந்தது, ஜாவா ஜார் கோப்புக்குள் இன்னொரு ஜாராக ஒளிந்திருப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வந்தபோது பலர் திண்டாடியது இங்கேதான். அதற்கான முதல் திருத்தமான 2.15.0 முழுமையாக இல்லை, 2.16.0, 2.17.0 என்று அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. இத்தகைய மென்பொருளுக்கு ஒட்டுப் போட்டுத் தர வேறு யாருமில்லை. அங்கே மூலப் பதிப்பு எண்ணைத்தான் நம்ப வேண்டும். தணிக்கை அறிக்கையில் அந்த வகைப் பெயர்கள் ஏதும் இருந்தால், கெடு முடிவதற்குள் முதலில் அவற்றைப் பாருங்கள்.