முதன்முறையாக வர்த்தக மாநாடு நடத்தப் போகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோலாலம்பூரில் இயங்கும் எங்கள் தொழில்முனைவர் சங்கம் அடுத்த ஆண்டு ஏறத்தாழ 200 பேர் கலந்துகொள்ளும் ஒருநாள் வர்த்தக மாநாட்டை நடத்த விரும்புகிறது. கோலாலம்பூரா பினாங்கா என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை. எப்படித் திட்டமிடுவது?

பதில்:

மண்டபத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சிறப்பு விருந்தினரையும்தான். ஒரு தாளை எடுத்து, இந்த மாநாட்டில் யார் யாரைச் சந்திக்க வேண்டும் என்று எழுதுங்கள். "தொழில்முனைவர்கள் ஒன்றுகூட வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. கிள்ளானில் மசாலாத் தூள் அரைத்துப் பொட்டலம் போடுகிறவர், பேரங்காடிக்குச் சரக்கு எடுக்கும் கொள்முதல் அதிகாரியைச் சந்திக்க வேண்டும். பிரையில் உலோக உதிரிபாகம் செய்கிறவருக்குத் தொழிற்சாலைகளின் வாசல் திறக்க வேண்டும். இப்படி முப்பது நாற்பது இணைகளை எழுத முடிந்தால் உங்களிடம் ஒரு மாநாடு இருக்கிறது. எழுத முடியவில்லை என்றால் விருந்து ஒன்றை நடத்திவிட்டுப் போகலாம், செலவாவது குறையும்.

சங்கங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் மாநாட்டுச் செயலக வேலை செய்து கொடுப்பது என் தொழில். நம்மவர்களுக்கு மாநாடு நடத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை 1966இல் நடத்திய ஊர் கோலாலம்பூர். ஆனால் மொழி மாநாடுகளிலும் சமய விழாக்களிலும் பழகிய கை, வர்த்தக மாநாட்டையும் அதே அச்சில் வார்த்துவிடுகிறது: குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுச் சின்னம், படம். மணி பன்னிரண்டாகிவிடும். வேலையை விட்டுவிட்டு, கட்டணம் கட்டி வந்தவர் அதுவரை பக்கத்து நாற்காலிக்காரரின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

விளக்கேற்றுவதில் எனக்கு மறுப்பில்லை, அது ஐந்து நிமிடம். பிரமுகரின் வருகையோடு நிகழ்ச்சியின் தொடக்கத்தைக் கட்டிப்போடுவதில்தான் வம்பு. அமைச்சருக்கு நாடாளுமன்றம் இருக்கும், இன்னொரு திறப்பு விழா இருக்கும். அவர் தாமதமாக வந்தால் அது அவர் குற்றமும் அல்ல. ஆகவே அவரைக் காலை ஒன்பது மணிக்கு அழைக்காதீர்கள், பதினொன்றரைக்கு அழையுங்கள். ஒன்பதரைக்கே உங்கள் முதல் அமர்வு நடந்துகொண்டிருக்கட்டும். அவர் வந்ததும் பேசுவார், படம் எடுத்துக்கொள்வார், அப்படியே மதிய உணவுக்குப் போய்விடலாம். முக்கால் மணி நேரம் தாமதமானாலும் உங்கள் நிரலில் எதுவும் உடையாது. அமைச்சரின் அலுவலகமும் பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்ளும், நிறைந்த மண்டபத்துக்குள் நுழைவது யாருக்கும் பிடித்த விஷயம்தானே. துன், டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ என்ற விளிப்பு வரிசையை அறிவிப்பாளர் ஒருமுறை முழுமையாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு பேச்சாளரும் அதைத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தால் அதிலேயே அரை மணி நேரம் கரைந்துவிடும். பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

இனி, ஊர். நீங்கள் எழுதிய இணைகளே பதில் சொல்லிவிடும். உற்பத்தி, மின்னணு, பொறியியல் சார்ந்தவை அதிகம் என்றால் பினாங்குதான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் இயங்குகிறது, இன்டெல் முதலில் வந்திறங்கியதும் அந்த ஆண்டில்தான். அங்கே மாநாட்டின் ஓர் அங்கமாகத் தொழிற்சாலைப் பார்வை ஒன்றை ஏற்பாடு செய்ய முடிந்தால், எந்தச் சிறப்புரையும் அதற்கு ஈடாகாது. செத்தியா ஸ்பைஸ் மாநாட்டு மையமும் விமான நிலையத்துக்குப் பக்கம். பேராளர்களை ஜோர்ஜ்டவுனில் தங்கவைத்தீர்களானால் காலைப் போக்குவரத்தில் அவர்களை ஏற்றி இறக்க பஸ் ஏற்பாடு தேவைப்படும், அதைச் செலவில் சேருங்கள். சில்லறை வணிகம், உணவு, சேவைத் தொழில், அரசு நிறுவனங்களின் கடனுதவி என்றால் கோலாலம்பூர். முடிவெடுக்கும் அதிகாரிகள் பெரும்பாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோலாலம்பூரில் 200 பேருக்கு மாநகர மாநாட்டு மையம் தேவையில்லை. இரட்டைக் கோபுரத்தின் அருகில் நடத்தினோம் என்று சொல்லிக்கொள்வதற்காக இரண்டு மடங்கு செலவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. எளிமையாக நடத்தலாம் என்றால் துன் சம்பந்தன் மாளிகையில் உள்ள டான் ஸ்ரீ சோமா அரங்கம் நம்மவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம். ஆனால் அது மேடையைப் பார்த்து உட்காரும் அரங்கம், வட்ட மேசை போட்டுப் பேசவைக்க வசதிப்படாது. எனக்குப் பிடித்தது கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையச் சுற்றுவட்டாரத்து விடுதிகள். கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் கொமுட்டர் புறநகர் ரயிலில் நேராக வந்து இறங்கலாம், வடக்கிலிருந்து வரும் நெடுந்தூர இடிஎஸ் ரயில் அங்கேயே நிற்கிறது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர் விரைவு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் விமான நிலையத்திலிருந்து வந்துவிடலாம். மாலை நான்கு மணிக்கு மேல் வானம் இருண்டு மழை கொட்டும் ஊரில், ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் மண்டபம் இருப்பது சிறிய விஷயமல்ல.

மண்டபத்தில் எத்தனை பேர் கொள்ளும் என்று விடுதிக்காரர் சொல்லும் எண், நாற்காலிகளை வரிசையாக நெருக்கிப் போட்டால் வரும் எண். வட்ட மேசை என்றால் அதில் ஏறக்குறையப் பாதிதான். உங்கள் 200 பேருக்கு, 400 பேர் கொள்ளும் என்று சொல்லப்படும் மண்டபத்தைப் பாருங்கள். அதைவிட முக்கியம் வெளித்தாழ்வாரம். தேநீர் இடைவேளையில் 200 பேர் நின்று பேச இடம் இருக்கிறதா? தாழ்வாரம் குறுகலாக இருந்தால், மண்டபம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் சேவை வரியும் தனி என்று பொருள். 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் வழக்கமானது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தாலும் உணவுக்கு 6 விழுக்காடே நீடிக்கிறது. எனவே தலைக்கு 100 ரிங்கிட் என்று எழுதியிருந்தால் உங்கள் பையிலிருந்து போவது 116 ரிங்கிட்டுக்குக் குறையாது. 200 பேருக்கு 3,200 ரிங்கிட் வித்தியாசம். பொருளாளர் இதை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பார்க்க வேண்டும். குறைந்தபட்ச உத்தரவாத எண்ணிக்கையிலும் கவனம் தேவை. 200 என்று கையெழுத்திட்டால், 150 பேர் வந்தாலும் 200 பேருக்குத்தான் பணம் கட்ட வேண்டும். 150க்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு, கடைசி வாரம் கூட்டிக்கொள்ள வழி கேளுங்கள். இலவச அனுமதி வேண்டாம். ஐம்பது ரிங்கிட் வாங்கினாலும் வாங்குங்கள். பணம் கட்டியவர் காலையில் மழை பெய்தாலும் வருவார்.

தேதியில் நம் நாட்டு நாட்காட்டி கொஞ்சம் கடினமான ஆசிரியர். நோன்பு மாதம் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்தில் லிட்டில் இந்தியா கடைக்காரர் யாரும் கடையை விட்டு வரமாட்டார். தைப்பூச வாரமும் சீனப் புத்தாண்டும் கேட்கவே வேண்டாம். பினாங்கில் ஜூலை மாதம் 7ஆம் தேதியும், இரண்டாவது சனிக்கிழமையும் மாநில விடுமுறை. பலர் தவறவிடுவது பக்கத்து மாநிலமான கெடாவின் விஷயம். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை மாநாடு வைத்தால் சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார்காரர்களுக்கு அது வேலை நாள். சனிக்கிழமை எல்லாருக்கும் பொருந்தும். வெள்ளிக்கிழமை வைத்தே ஆக வேண்டும் என்றால், தொழுகைக்காக மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டே முக்கால் வரை எந்த அமர்வும் இருக்கக் கூடாது. இந்திய முஸ்லிம் வணிகர்களை அழைத்துவிட்டு அந்த நேரத்தில் முக்கிய உரையை வைப்பது அழைக்காமல் இருப்பதைவிட மோசம்.

உணவில் ஹலால் சான்றிதழ் பெற்ற சமையல் என்பதில் பேச்சே இல்லை. மாட்டிறைச்சியைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். சைவ உணவுக்குத் தனி மேசை, தனி அகப்பை. வெள்ளிக்கிழமையிலும் புரட்டாசியிலும் சைவம் சாப்பிடுகிறவர்கள் பாதிக்கு மேல் இருக்கக்கூடும் என்று விடுதிச் சமையல்காரருக்கு நீங்கள் சொல்லாமல் தெரியாது. வரிசையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தட்டை நிரப்ப இருபது வினாடி எடுத்தால், ஒரே வரிசையில் 200 பேர் உணவெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு வரிசை என்றால் ஏறத்தாழப் பதினேழு நிமிடம். பதிவு மேசைக்கும் இதே கணக்கு. அங்கே பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். நம்மில் ஒருவர் முதலெழுத்தில் பதிந்திருப்பார், ஒருவர் தந்தை பெயரில், ஒருவர் கடையின் பெயரில். வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு எண்ணை அனுப்பிவிட்டு, எண்வாரியாக மேசை போட்டால் சிக்கல் இல்லை.

பெயர் அட்டையில் பெயர் பெரிதாக, பட்டம் சிறிதாக. அதன் கீழே இரண்டு வரி: "என்னிடம் இருப்பது", "நான் தேடுவது". பதிவுப் படிவத்திலேயே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தப் பதில்களை வைத்துத்தான் உங்கள் செயலகம் சந்திப்புகளை முன்கூட்டியே குறிக்க முடியும். மதியத்துக்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்தை முழுவதுமாக இதற்கு ஒதுக்குங்கள்: பத்து மேசை, ஒவ்வொரு சந்திப்புக்கும் பதினைந்து நிமிடம், மணியடித்ததும் மாற்றம். மொத்தம் அறுபது சந்திப்புகள். வேறு எந்த அமர்வும் இந்த அளவுக்கு வேலை செய்து நான் பார்த்ததில்லை. மணியடிக்கும் பொறுப்பைக் குழுவிலேயே கறாரான ஒருவரிடம் கொடுங்கள், பெரும்பாலும் அது பொருளாளராகத்தான் இருக்கும்.

சிறுதொழில் கடன் தரும் தெக்குன், சிறு நடுத்தர நிறுவனங்களுக்கு உதவும் எஸ்எம்இ கோர்ப், ஏற்றுமதியை வளர்க்கும் மாட்ரேட் போன்ற அரசு நிறுவனங்களை அழைக்கும்போது உரையாற்ற அழைக்காதீர்கள். திட்டங்களின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, அதை நாற்பது படவில்லைகளில் கேட்க யாரும் வரவில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி ஒருவரை அனுப்பச் சொல்லி, அவருக்கும் ஒரு சந்திப்பு மேசை கொடுங்கள். இந்தியத் தொழில்முனைவர்களுக்கான தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி கடனுக்கு விண்ணப்பித்தவர், "என் விண்ணப்பத்தில் என்ன குறை?" என்று நேருக்கு நேர் கேட்கும் பதினைந்து நிமிடத்துக்காகவே வருவார்.

உரைகள் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து பேர் உட்காரும் கலந்துரையாடலைவிட, இருவரைத் துளைத்தெடுக்கும் ஒரு நல்ல நெறியாளர் மேல். தமிழகத்திலிருந்து பேச்சாளரை அழைப்பதாக இருந்தால் மூன்று வேலைகள் உண்டு. 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரலாம் என்பது சுற்றுலா போன்ற குறுகிய வருகைகளுக்கான சலுகை. ஊதியம் பெற்றுப் பேசுகிறவருக்கு எந்த அனுமதி தேவை என்று குடிநுழைவுத் துறையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், அவர் மறப்பார், நீங்கள் நினைவூட்டுங்கள். இந்நாட்டில் வசிக்காத பேச்சாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் 15 விழுக்காட்டைப் பிடித்தம் செய்து உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குக் கட்டும் பொறுப்பும் உங்களுடையது. வரிச் சட்டம் பேச்சாளரையும் பாடகரையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. மேடைப் பேச்சாளர்களைப் பார்த்தால் அது அவ்வளவு தவறாகவும் தோன்றவில்லை.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் பல, சம்பளத்தில் 1 விழுக்காட்டை, ஊழியர் பயிற்சி நிதியை நிர்வகிக்கும் எச்ஆர்டி கோர்ப்புக்குத் தீர்வையாகக் கட்டுகின்றன. மாநாட்டில் பயிற்சி அங்கம் இருந்தால், அந்தக் கட்டணத்தை அதிலிருந்து கோர வழியுண்டா என்று சில மாதங்களுக்கு முன்பே விசாரியுங்கள். அனுமதி நிகழ்ச்சிக்கு முன் கிடைத்திருக்க வேண்டும், பிறகு போய்க் கேட்பதில் பயனில்லை. வெளிநாட்டுப் பேராளர்கள் கணிசமாக வருவார்கள் என்றால் தேசிய அளவில் மைசெப், பினாங்கில் பிசெப் என்ற மாநாட்டு வாரியங்களையும் அணுகலாம்.

கடைசியாக, பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள்: "என் தொலைபேசி எண்ணை மற்றப் பேராளர்களுடன் பகிரச் சம்மதம்". 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், சம்மதம் இல்லாமல் பட்டியலைச் சுற்றுக்கு விடக் கூடாது. சம்மதித்தவர்களின் பட்டியல் மாநாடு முடிந்த மூன்றாம் நாளே எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதம் கழித்துச் செயலகத்திலிருந்து ஒருவர் அந்த அறுபது சந்திப்புகளில் உட்கார்ந்தவர்களை அழைத்து, வியாபாரம் நடந்ததா என்று கேட்கட்டும். அந்த ஊழியரின் மூன்று மாதச் சம்பளத்தையும் இப்போதே வரவு செலவுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். மலர் அலங்காரத்துக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து எடுத்தால் சரியாக இருக்கும்.