மகள் கேட்கும் படிப்பு: ஒரு பெற்றோருக்குப் பதில்

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த உங்கள் மகள், அடுத்து மனிதர் - கணினி ஊடாட்டத்தில், அதாவது கணினியையும் செல்போனையும் மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் துறையில், ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். "நாலு பேர் செல்போனை எப்படித் தொடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். அந்தப் 'பார்ப்பது' எவ்வளவு கடினம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில், மானுடவியல் படித்த லூசி சச்மன், நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றின் முன் இரண்டிரண்டு பேராக நிறுத்தினார். தாளின் இருபுறமும் நகல் எடுக்கச் சொல்லி வீடியோ பிடித்தார். அதில் கணினித் துறையில் பெயர்பெற்றவர்களும் இருந்தார்கள், அவர்களே திணறினார்கள். சச்மன் அந்தப் பதிவை அட்டவணை போல நெடுவரிசைகளாகப் பிரித்து எழுதினார். இவர்கள் தங்களுக்குள் பேசியது, குழம்பியது ஒரு பக்கம். இயந்திரத்துக்குத் தெரியவந்த பொத்தான் அழுத்தல்கள் இன்னொரு பக்கம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மனிதர் நினைப்பதில் எவ்வளவு சிறிய பகுதி இயந்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பது புரிந்தது.

இப்படிப் பார்த்துப் பதிவுசெய்வது ஓர் ஆய்வு முறை. இரண்டு விசைப்பலகைகளில் எது வேகம் என்று கேட்டால், அதற்குச் சோதனை நடத்த வேண்டும். எல்லோரும் முதலில் 'அ' விசைப்பலகையிலும் பிறகு 'ஆ' விசைப்பலகையிலும் தட்டினால், கை பழகியதாலேயே 'ஆ' வேகமாகத் தெரியும். அதனால் பாதிப் பேர் 'ஆ'வில் தொடங்க வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லப் புள்ளியியல் வேண்டும். அதில் பயம் இருந்தால் இப்போதே போக்கிக்கொள்ளட்டும். கருத்துக்கணிப்பு, நேர்காணல் எல்லாம் அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே ஒரு செயலியின் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்ற கணக்கை 1993இல் இந்தத் துறை ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் கொடுத்தார்கள். அது குறை கண்டுபிடிக்க. ஒரு செயலி இன்னொன்றைவிட வேகம் என்று நிரூபிக்க ஐந்து பேர் போதாது. பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது, நிஜ மனிதர்களிடம் ஒப்புதல் வாங்கி ஆய்வு செய்யும் புராஜெக்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

வேலையைப் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். இந்தப் படிப்புக்கான யூஎக்ஸ் ரிசர்ச்சர் (பயனர் அனுபவ ஆய்வாளர்) வேலைகள் புரோகிராமர் வேலைகளைவிட எண்ணிக்கையில் குறைவு. கோடிங்கை அவள் கைவிடக் கூடாது.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். நீங்கள் இதுவரை தொடாத ஒரு செயலியை அவளிடமிருந்து வாங்கி, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பயன்படுத்துங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும். நீங்கள் தடுமாறும்போது "அப்பா, அங்கே அழுத்துங்க" என்று சொல்லாமல் பத்து நிமிடம் இருக்க முடிந்ததா? நீங்கள் சொன்னதையும் செய்ததையும் தனித்தனியாக எழுதியிருக்கிறாளா? இரண்டும் சரி என்றால், தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.