மருத்துவர் பதில்: ஆக்ஸிஜன் 98 காட்டியும் அம்மா ஏன் கண் விழிக்கவில்லை?

கேள்வி: மும்பை தாராவியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. முப்பது வருஷம் விறகடுப்பிலும் மண்ணெண்ணெய் அடுப்பிலும் முறுக்கு சுட்டு விற்றவர். சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வைக்கச் சொன்னார்கள். போன மாதம் சளி பிடித்து மூச்சு வாங்கியது. மீட்டர் 86 காட்டவும் பயந்துபோய் 1 லிட்டரை 5 லிட்டராக ஏற்றினேன். 98 வந்தது, அம்மாவும் தூங்கிவிட்டார். காலையில் எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரியில் 'ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்' என்று முகத்தில் மாஸ்க் மிஷின் மாட்டி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 98 இருக்கும்போது நுரையீரல் எப்படி ஃபெயில் ஆகும்? தப்பு என்னுடையதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 86 காட்டிய அம்மாவுக்கு நீங்கள் ஆக்ஸிஜனைக் கூட்டியது தப்பில்லை. கூட்டிய அளவுதான் கூடிப்போனது. எதுவரை கூட்டலாம் என்று மிஷினைக் கொடுத்தபோதே யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்காதீர்கள்.

மூச்சில் வரவும் உண்டு, செலவும் உண்டு. ஆக்ஸிஜன் உள்ளே வர வேண்டும், கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போக வேண்டும். விரலில் மாட்டும் மீட்டர் வரவை மட்டும்தான் பார்க்கும். உங்கள் அம்மாவுக்கு வரவு 98. வெளியே போக வேண்டியதோ உள்ளேயே தேங்கிக் கிடந்தது.

ஏன் தேங்கியது? காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு நுரையீரல் தானாகவே ரத்தத்தைக் குறைத்துவிடும், விளையாத வயலுக்கு மடையை அடைப்பது போல. ஆக்ஸிஜன் அளவுக்கு மேல் போனால் அந்த மடைகள் திறந்துகொள்ளும். ரத்தம் காற்றோட்டமில்லாத பகுதிக்குப் போய், கார்பன் டை ஆக்ஸைடை இறக்கி வைக்காமலே திரும்பும். ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தத்துக்குக் கார்பன் டை ஆக்ஸைடைச் சுமக்கும் திறனும் குறையும். மூச்சும் கொஞ்சம் மெதுவாகும். கார்பன் டை ஆக்ஸைடு ஏற ஏற ரத்தம் அமிலமாகி மூளை மயங்கும். நீங்கள் பார்த்த தூக்கம் அதுதான்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரு இரவு டூட்டியில் இதே தவறை நானும் செய்தேன். மூச்சுத்திணறலோடு வந்த பெரியவருக்கு ஆக்ஸிஜனை முழுசாகத் திறந்துவிட்டு, ஆள் அமைதியாகிவிட்டார் என்று நகர்ந்துவிட்டேன். விடியற்காலையில் வந்த சீனியர் அவரைத் தட்டி எழுப்பி, பஸ்ஸை நிறுத்துவது போல இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டிய கை நிற்கவில்லை. மணிக்கட்டு சட்டென்று தொங்கும், எழும், மறுபடி தொங்கும். உள்ளங்கை கதகதவென்று இருந்தது. நல்லவேளை, பிழைத்தார். அந்தக் கைகளை நான் இன்னும் மறக்கவில்லை.

கைகளில் இப்படித் தெரியும் கார்பன் டை ஆக்ஸைடு தேக்கத்தை உறுதிசெய்வது ஏபிஜி, அதாவது ரத்தத்தில் கலந்த வாயுக்களை அளக்கும் சோதனை. மணிக்கட்டில் நாடி துடிக்கும் தமனியிலேயே ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். வலிக்கும், ஆனால் தவிர்க்க முடியாது. இதில் வரும் எண்கள் வாயுவின் அழுத்தம் (மி.மீ. பாதரசம்), விரல் மீட்டரின் சதவீதம் அல்ல. ஆக்ஸிஜன் 60க்குக் கீழே இருந்தால் முதல் வகைச் செயலிழப்பு. நிமோனியா, நுரையீரலில் நீர் கோர்ப்பது, ரத்தக்கட்டி அடைப்பது எல்லாம் இதில் வரும். கார்பன் டை ஆக்ஸைடு 35 முதல் 45 வரை இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் இரண்டாம் வகை. நுரையீரல் நன்றாக இருந்தும் இது வரலாம். கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் ஓய்ந்தவர், தூக்க மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர் இப்படித்தான் வருவார்கள். நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சீட்டில் கார்பன் டை ஆக்ஸைடு 82, பிஎச் 7.24 என்று இருக்கிறது. பிஎச் என்பது ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம். அது 7.35க்குக் குறையவே கூடாது.

அந்த மாஸ்க் மிஷின்தான் பைபாப். மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் கொடுத்து, களைத்த தசைகளுக்குத் தோள் கொடுக்கும், தேங்கியது வெளியேறும். கூடவே நெபுலைசர், சில நாள் ஸ்டீராய்டு, சளி பழுத்திருந்தால் ஆன்டிபயாடிக். இதற்கும் அடங்காவிட்டால்தான் குழாய் போட்டு வென்டிலேட்டர். அம்மாவுக்கு அதுவரை போகவில்லை என்பது பெரிய ஆறுதல்.

இனி வீட்டில் அம்மாவுக்கு இலக்கு 88 முதல் 92 வரை. அதற்கு மேல் துரத்த வேண்டாம். எத்தனை லிட்டர் என்பதை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி மிஷின்மேலேயே ஒட்டிவையுங்கள். (இது கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் நோயாளிகளுக்கான கணக்கு. நிமோனியா வந்த மற்றவர்கள் 90 போதும் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.) தினமும் நீண்ட நேரம் வைக்கச் சொல்லியிருந்தால் ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைக்க வேண்டும். காலையில் தலைவலி, பகலிலும் தூக்கம், பேச்சில் குழப்பம், அந்தக் கை தொங்கல் — இதில் எது தெரிந்தாலும் மீட்டர் என்ன சொன்னாலும் சரி, 108க்குப் போன் செய்யுங்கள். பயத்தில் மிஷினை அணைத்தும் விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ஆக்ஸிஜன் முன்பைவிடக் கீழே போகலாம். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது.

பீடி பிடிக்காதவருக்கு இந்த நோய் எப்படி என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் முப்பது வருஷ அடுப்புப் புகை போதும். முறுக்கு வேலையை இனி அம்மா செய்ய வேண்டாம். அதே அறையில் வேறு யாரும் செய்யவும் வேண்டாம். ஆக்ஸிஜன் ஓடும்போது பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. ஒரு பொறி போதும், டியூபோடு பற்றிக்கொள்ளும்.

அடுத்த முறை காட்டப் போகும்போது ஃப்ளூ தடுப்பூசியையும், நிமோனியா தரும் ஒரு கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியையும் கேளுங்கள். ஏபிஜியை இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். உடம்பு தேறிய பிறகும் கார்பன் டை ஆக்ஸைடு இறங்காமல் இருந்தால், இரவில் வீட்டிலேயே பைபாப் போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்யலாம்.