கொல்லைக் கொட்டகைக்கு வயர் புதைக்கலாமா?

தங்கச்சி, கல்யாணமாகி மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, வீட்டிலிருந்து மாவு அரைக்கும் கொட்டகைக்கு நாற்பதடி தூரம் கரண்ட் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் உங்கள் அப்பா சாதாரண வயரை மண்ணில் புதைத்துத்தான் மோட்டார் ஓட்டினாராம், இங்கே அதற்குச் சட்டம் ஏதும் உண்டா என்று கேள்வி.

நானும் பட்டுக்கோட்டைக்காரிதான். இதே ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. நீங்கள் கேட்பதை நாங்கள் செய்தே பார்த்துவிட்டோம்.

கொழுந்தனார் அரையடி பள்ளம் தோண்டி, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய்க்குள் வீட்டு வயரைச் செருகிப் புதைத்தார். நடுவில் நீளம் போதாமல் ஓர் ஒட்டு, அதன்மேல் கறுப்பு டேப். ஒரு வருடம் கொட்டகை விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. அப்புறம் மழை வந்தாலே வீடு முழுக்க கரண்ட் போகும், வெயில் அடித்தால் வரும். இங்கேதான் மாலையானால் இடியும் மழையுமாக இருக்குமே, கேட்கவா வேண்டும்! மெயினில் இருக்கும் இ.எல்.சி.பி. (கரண்ட் மண்ணில் கசிந்தால் தானே அணைக்கும் ஸ்விட்ச்) பழுது, பெரிதாக ஒன்று மாற்றினால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். நல்லவேளை, மாற்றவில்லை. பாவம், அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஒருநாள் மாமியார் வாழைக்கன்று வைக்கக் குழி வெட்டினார். மண்வெட்டி அந்தக் குழாயை அறுத்தது. கரண்ட் போனதே தவிர அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வயர்மேன் வந்து இழுத்துப் பார்த்தபோது குழாய்க்குள் பழுப்புத் தண்ணீர் நின்றது. ஒட்டுப்போட்ட இடத்தில் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. “வயரைப் புதைச்சது தெரிஞ்சவர் சிங்கப்பூர்ல இருக்கார், வெட்டுறது யாரு?” என்று கேட்டார். கொழுந்தனார் அப்போது அங்கேதான் வேலையில் இருந்தார். அடுத்து அந்த இடத்தைத் தோண்டப்போவது யார் என்று நினைத்துக்கொண்டுதான் வயர் புதைக்க வேண்டும்.

வீட்டு வயரை மண்ணில் போடக்கூடாது. வயர்மேனிடம் ஆர்மர் கேபிள் என்று கேளுங்கள். உள்ளே சுற்றிலும் இரும்புக் கம்பி இருக்கும், அதை முனையில் எர்த்தோடு இணைப்பார்கள். மண்வெட்டி பட்டாலும் வெட்டு முதலில் எர்த்தான இரும்பைத் தொட்டு, பிறகுதான் கரண்ட் கம்பிக்குப் போகும். உடனே மெயின் விழுந்துவிடும். எர்த் கொடுக்காவிட்டால் அந்தக் கவசத்தால் பயனில்லை. கெட்டியான பிவிசி குழாய்க்குள் போடுவதும் உண்டு. ஆனால் எந்தக் குழாயிலும் ஈரம் சேரும், அதனால் ஈரம் தாங்கும் கேபிள்தான் வேண்டும். மண்ணுக்குள் ஒட்டு வேண்டவே வேண்டாம்.

ஆழம் ஒன்றரை அடிக்குக் குறைய வேண்டாம். லாரி, கார் ஏறும் இடமென்றால் இரண்டடி. ஓரடி போதும் என்று அமெரிக்கக் கணக்கை யாராவது காட்டினால் நம்பாதீர்கள். அது அங்கே 120 வோல்ட் சிறிய இணைப்புக்கு, அதுவும் தனிப் பாதுகாப்பு ஸ்விட்ச் இருந்தால். இங்கே வருவது 230 வோல்ட். கேபிளுக்கு அடியிலும் மேலும் மணல் பரப்புங்கள், கூர்க்கல் எதுவும் அழுத்தக்கூடாது. மேல்மண்ணிலிருந்து அரையடி கீழே மஞ்சள் எச்சரிக்கை நாடா. மூடுவதற்கு முன் வயர்மேன் மெகர் (கேபிளில் கசிவு உண்டா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதிக்கட்டும். மூடிவிட்டால் மறுபடி தோண்டச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

இன்னொன்று, நிறைய வீடுகளில் மெயினில் இருக்கும் இ.எல்.சி.பி. 100 மில்லிஆம்பியர் கசிந்தால் விழுவது. தீ பிடிக்காமல் காக்கும், ஆளைக் காக்க அது போதாது. பிளக்கில் செருகிக் கையில் பிடித்து வேலை செய்யும் சாமானுக்கு 30 மில்லிஆம்பியர், தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லிஆம்பியர் வேண்டும். மாவு மிஷின் பக்கம் ஈரம் இல்லாமல் இருக்குமா? கொட்டகைக்கென்று தனியாக ஒன்று போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

சட்டமா? உண்டு. சுருஹான்ஜாயா தெனாகா என்ற அரசு மின்சார ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். மலாயில் பெண்டாவாய் என்பார்கள். கார்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எஸ்டேட் தோட்டத்து வீடு என்றால் முதலில் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கொல்லையில் ஏற்கெனவே தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி, எங்கே வளைகிறது என்று வரைந்து மெயின் பாக்ஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அதை என் மகள் வரைந்தாள், வாழை மரத்தையும் சேர்த்து.

அந்த மிஷின் மோட்டார் எத்தனை குதிரைத்திறன்? அதையும் நாற்பதடியையும் சொன்னால்தான் கேபிள் எவ்வளவு தடிமன் என்று வயர்மேன் கணக்குப் போடுவார்.