நண்டுக்கூட்டுக்கு கமரா கட்டினா பிரயோசனம் இருக்கோ?

வேலணையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, நான் வேலை முடிஞ்சு வந்து பின்னேரத்தில பரவைக்கடல்ல மூண்டு நண்டுக்கூடு போடுறனான். ஒரு நாள் பத்து நண்டு வரும், அடுத்த நாள் அதே இடத்தில ஒண்டும் இல்லை. தண்ணிக்குள்ள போற கமரா ஒண்டு வாங்கினா நண்டு நிக்கிற இடத்தைப் பாத்துக் கூட்டைப் போடலாமோ? கனடாவில இருக்கிற மச்சான் ஆடிக்கு வரேக்க கொண்டு வாறன் எண்டுறார், அவருக்கு எந்தக் கமரா எண்டு சொல்லுறது?"

தம்பி, நண்டைத் தேடுறதுக்கெண்டால் வாங்க வேண்டாம், மச்சான்ரை காசு வீண். எங்கடை களப்பில தண்ணி நல்லாத் தெளிஞ்சு கிடக்கிற நாளிலையே நான் கமரா இறக்கின இடங்களில ஒண்டரை ரெண்டு மீட்டருக்கு அங்காலை எல்லாம் பால் ஊத்தின மாதிரித்தான் கிடந்தது. அதோட நீலக்கால் நண்டு பகலில மண்ணுக்குள்ள தன்னைப் புதைச்சுக்கொண்டு கண் ரெண்டையும் மீசையையும் மட்டும் வெளிய விட்டுட்டுக் கிடக்கிற சாமான், நீங்க மேல வள்ளத்தில இருந்துகொண்டு கமராவை இழுத்துத் திரிஞ்சா சாதாளை எண்ட கடற்புல்லும் மண்ணும்தான் தெரியும், நண்டு அதுக்குக் கீழ சுகமா இருக்கும்.

ஆனா உங்கடை கூடு என்ன வேலை செய்யுது எண்டு பாக்கிறதுக்கு வாங்கிறதெண்டால் அது வேற கதை. அதுக்கு கமரா மாதிரி ஒண்டும் இல்லை.

நான் முதல்முதல் கட்டிப் பாத்தது ஒரு பங்குனி மாசம், மண்டைதீவுப் பக்கம், நெஞ்சளவு தண்ணி. இரும்புச் சட்டத்தில வலை போட்ட சாதாரண கூடு, ரெண்டு வாய், இரைக்கு சூடை மீன். வீட்டை வந்து லாப்டொப்பில போட்டா முதல் ரெண்டு மூண்டு நிமிசம் கூடு விழுந்த கலங்கல்தான், பேந்து தெளிய கீளி மீன்குஞ்சுகள் வந்து இரையைக் கொத்துது, ஒரு பேத்தை மீன் வந்து நிண்டு நிண்டு பிய்ச்சுத் திண்டுது, நான் நண்டுக்கெண்டு போட்ட சூடையில அரைவாசி அதின்ரை வயித்துக்கைதான் போனது. இருவது நிமிசத்துக்குப் பிறகு ஒரு ஆண் நண்டு, நல்ல நீலம், பக்கவாட்டில வந்து கூட்டில ஏறிச்சுது. ஏறி இரைக்கு நேர வலையில காலைவிட்டுக் கிண்டுது, இறங்கி அடுத்த பக்கம் போகுது, திரும்ப அதே இடத்துக்கு வருது. வாய் ஒரு சாணுக்கு அங்கால திறந்து கிடக்கு, அதைக் கண்டதாவே காட்டிக்கொள்ளேல்லை. ஏனெண்டால் நான் இரையைக் கட்டினது நடுவில இல்லை, அவசரத்தில வலை ஓரத்தோட சேத்துக் கட்டியிருக்கிறன். அது வெளியில நிண்டே திண்டுபோட்டுப் போட்டுது! எத்தினை வருசமா இப்பிடி வெளியில வைச்சு விருந்து குடுத்தனோ தெரியாது.

அடுத்த நாள் இரையை வலைப்பையில போட்டு நட்டநடுவில தொங்க விட்டன், எந்தப் பக்கத்தால காலை விட்டாலும் எட்டாது. அண்டைக்கு உள்ளுக்கு வந்திச்சினம். ஆனா அதிலையும் ஒரு விசயம் பாத்தன், முதல் போன பெரிய நண்டு உள்ளுக்க நிண்டு ரெண்டு கொடுக்கையும் விரிச்சுக்கொண்டு வாயடியிலேயே காவல், பின்னால வந்த ரெண்டு சின்னன் எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போட்டுதுகள். அதாலை ஒரு கூட்டை விடிய விடிய விட்டுட்டுப் படுக்கிறதிலும் பாக்க ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா தூக்கி நண்டை எடுத்து இரையை மாத்திப் போடுறது எனக்குச் சரிவந்தது.

உள்ளுக்கு வந்தது எல்லாம் உள்ளுக்கையே இருக்கும் எண்டும் நினைக்காதேங்கோ. அமெரிக்காவில நியூஹாம்ப்ஷயர்ப் பக்கம் சிங்கி இறால் கூட்டுக்கு கமரா கட்டி ஆராய்ஞ்சு 2001இல ஒரு அறிக்கை விட்டவை, கூட்டுக்குள்ள போன சிங்கியில 94 வீதம் திரும்ப வெளிய போட்டுது, பெரும்பாலானது வந்த வாயாலையே. அது வேற கடல், வேற சாதி, எங்கடை நண்டுக்கு அதே கணக்கெண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா என்ரை வீடியோவிலையும் நண்டு வந்த வழியால திரும்பிப் போறதைப் பாத்தன், பேந்து வாயின்ரை உள்பக்கத்தை நல்லா ஒடுக்கி மேல தூக்கிக் கட்டினன்.

இன்னொண்டு, உங்கடை பத்தும் பூச்சியமும் வாற கதைக்கு இதுதான் காரணமோ எண்டு எனக்கொரு சந்தேகம். நண்டு இரையைக் கண்ணால பாத்து வாறதிலும் பாக்க மணத்தால வாறதுதான் கூட. மணம் நீரோட்டத்தோட இழுபட்டுப் போகும், நண்டு நீரோட்டத்துக்கு எதிர நடந்து அந்த மணத்தைப் பிடிச்சுக்கொண்டு வரும். அப்ப கூட்டின்ரை வாய் நீர் போற பக்கத்தைப் பாத்து இருக்கவேணும். குறுக்க விழுந்தால் நண்டு வந்து வாயில்லாத பக்கத்தில முட்டிக்கொண்டு நிக்கும். வத்தும் பெருக்கும் மாற நீர் போற திசையும் மாறும் எண்டதால ஒரே இடம் ஒரே கூடு எண்டாலும் நேத்து சரி, இண்டைக்குப் பிழை. கூட்டை எறியாமல் கயித்தைப் பிடிச்சு திசை பாத்து இறக்குங்கோ. உதுக்கு கமராவே தேவையில்லை.

இப்ப மச்சானுக்கு என்ன சொல்லுறது. போனில நேர பாக்கலாம் எண்டு விளம்பரம் போடுற வைஃபை கமராவுகளை நம்பாதேங்கோ, வைஃபை தண்ணிக்குள்ள ஒரு சாண் தாண்டாது, கமரா முங்கின உடனை போனில படம் நிண்டிடும். நேர பாக்கவேணும் எண்டால் நீட்டு வயரும் சின்ன டிவியும் சேர்ந்து வாற மீன்பிடிக் கமராதான், அது வள்ளத்தில இருந்து பாக்க நல்லம், ஆனா விலையும் கூட, வயர் கூட்டில சிக்குப்படும். ஐபி 67 எண்டு போட்ட யூஎஸ்பி கமராவுகள் மலிவு, அந்த 67 எண்டது தண்ணி தாங்கிற அளவு, ஒரு மீட்டர் ஆழத்தில அரை மணித்தியாலத்துக்குத்தான் கணக்கு, கூட்டுக்கு அது காணாது. உங்களுக்குக் காணும் எண்டு நான் சொல்லுறது கோப்ரோ மாதிரி ஒரு அக்‌ஷன் கமரா, பழசெண்டாலும் பரவாயில்லை. ஹீரோ 5க்குப் பிறகு வந்த பிளாக் மொடல்கள் கவசம் இல்லாமலே 10 மீட்டர் தாங்கும், நீங்க கூடு போடுற பரவைக்கடலுக்கு அது தாராளம். படத்தரம் 4கே தேவையில்லை, 1080இல வைச்சா பட்டறி கூட நேரம் நிக்கும், அப்பிடியும் ஒண்டரை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல எதிர்பாக்காதேங்கோ. கார்ட் 64 ஜிபி காணும்.

கட்டுறது கூட்டுக்கு வெளியில. ஒரு முழ நீளத்துக்கு பிவிசி பைப் ஒண்டை சட்டத்தில கேபிள் டையால இறுக்கி, நுனியில கமரா வாயைப் பாத்து. கமராவுக்கு எண்டு தனியா ஒரு கயிறும் போடுங்கோ, டை அறுந்தால் மிதப்பில ஆவது தொங்கும். சட்டத்தில வெள்ளை டேப்பால அஞ்சு அஞ்சு சென்ரிமீட்டருக்கு அடையாளம் ஒட்டி விடுங்கோ, தண்ணிக்குள்ள பாக்கேக்க அளவு ஏமாத்தும், அடையாளம் இல்லாட்டி உள்ளங்கை நண்டும் தாச்சி அளவா தெரியும்.

வெளிச்சம்தான் பெரிய சிக்கல். கமராவுக்குப் பகல் வேணும், நண்டுக்கு இருட்டு வேணும். விடியப்புறம் இல்லாட்டி பொழுது படுற நேரம்தான் ரெண்டுக்கும் நடுவில. இரவில வெள்ளை லைட் போட்டால் புழுப்பூச்சி எல்லாம் வந்து மொய்ச்சு கண்ணாடிக்கு முன்னால பனி கொட்டின மாதிரி இருக்கும், சிவப்பு லைட் போடுங்கோ, அது நண்டின்ரை கண்ணுக்குப் பெரிசாப் படாது, தண்ணி சிவப்பைக் கெதியா உறிஞ்சினாலும் ஒரு முழ தூரத்துக்குக் காணும். லைட்டை லென்ஸோட ஒட்டி வைக்காமல் ஒரு பக்கமாத் தள்ளி வையுங்கோ.

மச்சான் ஆடிக்கு வந்தாரெண்டால் சோளகக் காத்து நல்லா அடிக்கும், களப்பு முழுக்கக் கலங்கல், கமராவைப் பழி சொல்லாதேங்கோ. கார்த்திகை மழைக்கு வழுக்கையாத்துத் தண்ணி அராலிப் பக்கத்தால இறங்கேக்கையும் அப்பிடித்தான். பங்குனி சித்திரைதான் இதுக்குத் தோதான காலம்.

என்ரை முதல் கமரா செத்த கதையையும் சொல்லோணும். கவசத்துக்குள்ள போட்டுப் பூட்டேக்க தும்புக்கயித்தில இருந்து ஒரே ஒரு தும்பு, மயிரளவு, அந்த ரப்பர் வளையத்தில கிடந்திருக்கு. கண்ணுக்கே தெரியேல்லை. தூக்கிப் பாத்தால் உள்ளுக்க கால் கிளாஸ் உப்புத்தண்ணி. அதுக்குப் பிறகு பட்டறி, கார்ட் எல்லாம் வீட்டிலையே போட்டு, ரப்பரை விரலால தடவிப் பாத்து, வள்ளத்தில வைச்சு ஒருநாளும் திறக்கிறேல்லை. வீட்டை வந்ததும் நல்ல தண்ணி வாளிக்குள்ள அரை மணித்தியாலம் ஊறப்போட்டு, துடைச்சுக் காய்ஞ்ச பிறகுதான் கதவைத் திறக்கிறது.

மற்றது, மற்றாக்கள் கம்பு நட்டு வலை கட்டி வைச்ச களங்கண்டிக்குக் கிட்ட கமராவோட போகாதேங்கோ, களவெடுக்க வந்ததெண்டு நினைப்பினம், கடற்றொழிலாளர் சங்கத்தில ஒரு வார்த்தை சொல்லிப் போட்டுப் போங்கோ. நேவிக் காம்புப் பக்கமும் வேண்டாம். வீடியோவில சினை நண்டு கண்டால், அடிவயித்தில செம்மஞ்சளாவோ கறுப்பாவோ பஞ்சு மாதிரித் தொங்கும், கூட்டைத் தூக்கினதும் முதல் அதை விட்டிடுங்கோ.

கமரா வரும்மட்டும் சும்மா இருக்காமல் இண்டைக்குப் பின்னேரமே மூண்டு கூட்டில ஒண்டுக்கு மட்டும் இரையை நடுவில தொங்க விட்டு, மற்ற ரெண்டையும் வழமை மாதிரிப் போடுங்கோ. ஒரு கிழமைக்கு ஒவ்வொரு கூட்டிலையும் எத்தினை எண்டு கொப்பியில எழுதி எனக்கு அனுப்புங்கோ.