வாடகை, நிலம், பேருந்து, தண்ணீர்: நியாயமான மாநகரம் பற்றி வாசகர்கள் கேட்டவை

பெருநகரத்தைத் தாங்கிப்பிடிக்கும் உழைப்பாளிகளுக்கு அந்த நகரத்துக்குள்ளேயே வாழ இடம் வேண்டும் என்பது இடதுசாரி நகர நிர்வாகங்களின் நூறாண்டுக் கோரிக்கை. அது எங்கே நடைமுறைக்கு வந்தது, எங்கே சறுக்கியது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வீட்டுவசதி என்றாலே எல்லோரும் வியன்னாவைச் சொல்கிறார்கள். முதல் உலகப் போரில் தோற்று, பணம் வெறும் காகிதமாகிப்போன நகரத்துக்கு வீடு கட்டக் காசு எங்கிருந்து வந்தது?

பதில்: வரியிலிருந்து வந்தது. ஆனால் அதற்கு முன்பு வரி போடும் அதிகாரம் வர வேண்டியிருந்தது. 1919 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி வியன்னா நகர மன்றத்தில் அறுதிப் பெரும்பான்மை பெற்றது. 1922-இல் வியன்னா தனி மாநிலமாகப் பிரிந்தது. அந்தப் பிரிவினைதான் திருப்புமுனை. மாநிலம் என்ற தகுதி கிடைத்ததால் நகரமே தன் வரிகளை விதிக்க முடிந்தது. நிதிப்பொறுப்பில் இருந்த ஹூகோ பிரைட்னர் 1923-இல் வீட்டுக் கட்டுமான வரியைக் கொண்டுவந்தார். சிறிய வீட்டுக்குப் பெயரளவு வரி, மாளிகைக்கு ஏறு விகிதத்தில் வரி. மொத்த வசூலில் 40 சதவீதத்துக்கும் மேல், உச்சியில் இருந்த அரை சதவீதச் சொத்துகளிலிருந்தே வந்தது. வீட்டு வேலைக்கு இரண்டாவது ஆள் வைத்தால் அதற்கு வரி. கார், குதிரைப் பந்தயம், ஆடம்பரக் கேளிக்கை எல்லாவற்றுக்கும் வரி.

இரண்டாவது விஷயம் நிலம். போர்க்காலத்தில் வந்த வாடகைக் கட்டுப்பாடு தொடர்ந்ததால், வாடகைக்கு விடும் கட்டடங்களில் லாபம் வற்றியது. நிலத்தைத் தனியார் வாங்கிக் குவிப்பது நின்றது, விலை விழுந்தது. நகரம் மலிவாக வாங்கியது. வாடகைக் கட்டுப்பாடும் பொதுக் கட்டுமானமும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது சாய்ந்திருக்கும்.

மூன்றாவது, பெரும்பாலும் கடனை நம்பாமல் ஆண்டு வருவாயிலிருந்தே கட்டினார்கள். வட்டிச் சுமை இல்லாததால், வாடகை பராமரிப்புச் செலவை ஈடுகட்டினாலே போதுமாயிருந்தது. 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. முதல் கட்டத்தில் பெரும்பாலானவை 38 சதுர மீட்டர் வீடுகள். இன்றைய கண்ணுக்குச் சிறிதுதான். ஆனால் அதுவரை ஒரு மாடியில் இருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் தாழ்வாரத்தில் ஒரே குழாய், ஒரே கழிப்பறை. புதிய வீட்டில் இரண்டும் கதவுக்கு உள்ளேயே இருந்தன. தனியார் அடுக்ககங்கள் மனையில் 85 சதவீதம் வரை கட்டடத்தால் நிரப்பியிருந்தன. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப், 1,382 வீடுகள் இருந்தும், மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அடைத்துக்கொண்டது, மற்றதெல்லாம் முற்றம். பொதுச் சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி, குளியலகம், நூலகம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே. சலவைக்கூடத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு முழுநாள் துவைப்பு வேலையை அது பெண்களின் தோளிலிருந்து பெருமளவு இறக்கிவைத்தது. நியாயமான நகரம் என்ற பேச்சில் பெண்களின் நேரத்தைக் கணக்கில் எடுக்காத திட்டம் பாதித் திட்டம்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அந்தக் கட்டடங்களின் முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு வரி இன்றும் நிற்கிறது: வீட்டுக் கட்டுமான வரிப் பணத்தில், இன்ன ஆண்டுகளில், வியன்னா நகராட்சி கட்டியது என்று. தலைவர் படம் கிடையாது. எந்த வரி எங்கே போனது என்பதைச் சுவரே சொல்கிறது.

கேள்வி: கட்டுவதற்குப் பல ஆண்டு ஆகும். அதுவரை வாடகையை அப்படியே உறையவைத்துவிட்டால் போதாதா?

பதில்: உறையவைக்கலாம், யாருக்கு அந்த அதிகாரம் என்று முதலில் சட்டத்தைப் பார்த்துவிட்டு. ஜெர்மனியில் நகரமாகவும் மாநிலமாகவும் இருக்கும் பெர்லின் 2020 பிப்ரவரியில் வாடகை உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்தது. 2014-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகை, 2019 ஜூன் மாத அளவில் நிறுத்தப்பட்டது. 2021 ஏப்ரலில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாடகை விஷயத்தில் மத்தியச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, மாநிலம் தனியாகச் சட்டம் போட முடியாது என்பதுதான் காரணம். இதை எதிர்பார்த்தே பல வீட்டு உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வாடகை எழுதியிருந்தார்கள், ஒன்று இப்போதைக்கு, மற்றொன்று சட்டம் விழுந்தால். தீர்ப்பு வந்ததும் வித்தியாசத் தொகையை மொத்தமாகக் கட்டச் சொல்லிக் குடித்தனக்காரர்களுக்குக் கடிதம் போனது. சேமித்துவைக்காதவர்கள் தவித்தார்கள்.

சட்டம் இருந்த காலத்திலும் ஒரு கோளாறு இருந்தது. கட்டுப்பாட்டுக்குள் வந்த வீடுகள் வாடகைச் சந்தைக்கு வருவது குறைந்தது. விலக்குப் பெற்ற புது வீடுகளின் வாடகை ஏறியது. ஏற்கெனவே குடியிருப்பவருக்கு நிம்மதி, புதிதாக வீடு தேடி வருபவருக்கு அலைச்சல். பொதுக் கட்டுமானம் கூடவே ஓடாவிட்டால் உறைவு இப்படித்தான் முடியும்.

நியூயார்க்கில் வழி வேறு. அங்கே வாடகை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வீடுகள் ஏறத்தாழ 10 லட்சம். ஆண்டுதோறும் எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்வது 9 பேர் கொண்ட வாரியம். 9 பேரையும் நியமிப்பவர் மேயர். 2015-லும் 2016-லும் ஓராண்டு ஒப்பந்தங்களுக்கு ஏற்றம் பூஜ்யம் என்று அந்த வாரியம் தீர்மானித்தது. புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 2025-இல் ஸோஹ்ரான் மம்தானி வாடகை உறைவு, கட்டணமில்லாப் பேருந்து, எல்லோருக்கும் குழந்தைப் பராமரிப்பு என்று சொல்லி மேயர் தேர்தலில் வென்றார். இவற்றில் முதலாவதற்கு மட்டும்தான் மேயரின் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. பேருந்து மாநில அரசின் கீழுள்ள போக்குவரத்து ஆணையத்திடம். வருமான வரியை உயர்த்த மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். எந்த நகரத்திலும் வாக்குறுதிப் பட்டியல் கைக்கு வந்தால், ஒவ்வொரு வரிக்கும் எதிரே இதற்குக் கையெழுத்துப் போடுபவர் யார் என்று எழுதிப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

கேள்வி: கட்டணமில்லாப் பேருந்து ஏழைகளுக்கு உண்மையிலேயே உதவுகிறதா, வெறும் விளம்பரமா?

பதில்: கட்டணம் மொத்தச் செலவில் எத்தனை பங்கு என்று பாருங்கள். பிரான்ஸின் டன்கர்க்கில் டிக்கெட் வருமானம் செலவில் பத்தில் ஒரு பங்குதான். நிறுவனங்கள் சம்பளப் பட்டியலின் அடிப்படையில் கட்டும் போக்குவரத்து வரி அங்கே ஏற்கெனவே இருந்ததால், அந்த ஓட்டையை அடைக்க முடிந்தது. 2018 செப்டம்பர் 1 முதல் கட்டணம் இல்லை. அதே நாளில் தடங்களையும் மாற்றி, 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று முக்கியத் தடங்களை ஓட்டினார்கள். கூட்டம் பெருமளவு கூடியது, காரை விட்டுவிட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். எஸ்டோனியாவின் டாலின் 2013-இல் நகரில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் இலவசமாக்கியது. அங்கே புதிதாக ஏறியவர்களில் நிறையப் பேர் முன்பு நடந்து போனவர்கள். கார்கள் பெரிதாகக் குறையவில்லை. செலவில் பாதியைக் கட்டணத்திலிருந்து எடுக்கும் பெருநகரம் மாற்று வருமானம் இல்லாமல் இலவசமாக்கினால், இரண்டே ஆண்டில் வண்டிகள் பழுதாகி நிற்கும். காத்திருக்கும் நேரமும் ஏழையின் பணம்தான்.

சட்டப் பள்ளமும் உண்டு. லண்டன் மாநகர மன்றம் 1981-இல் கட்டணத்தைச் சராசரியாக 32 சதவீதம் குறைத்து, பற்றாக்குறையைச் சொத்து வரியில் சேர்த்தது. ப்ராம்லி என்ற புறநகர் மன்றம் வழக்குப் போட்டது. டிசம்பரில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் குறைப்பு செல்லாது என்றார்கள். 1982 மார்ச்சில் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பானது.

கேள்வி: மெட்ரோ வருகிறது என்றதும் அந்தப் பகுதி நிலத்தின் விலை ஏறுகிறது. நிலக்காரர் எதுவும் செய்யாமலே லாபம் பார்க்கிறார். இதில் பொதுப் பங்கை எடுக்க வழி இருக்கிறதா?

பதில்: பிரேசிலின் சாவோ பாலோ நகரத்தின் 2014 பெருந்திட்டம் செய்ததைப் பாருங்கள். நகரம் முழுவதும் அடிப்படைக் கட்டுமான உரிமை 1 என்று வைத்தார்கள். 1,000 சதுர மீட்டர் மனை என்றால் 1,000 சதுர மீட்டர் கட்டலாம், அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. ரயில், பேருந்துத் தடங்களை ஒட்டி 4 வரை, அதாவது 4,000 சதுர மீட்டர் வரை கட்ட அனுமதி. இடையில் உள்ள 3,000 சதுர மீட்டருக்கான உரிமையை நகரத்திடமிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டும். மேலே கட்டும் உரிமை நிலத்தோடு பிறந்ததில்லை, ஊர் கொடுப்பது என்பதே இதன் அடிப்படை. அந்தப் பணம் தனி நிதிக்குப் போகிறது. 2014 திட்டப்படி அதில் குறைந்தது 30 சதவீதம் ஏழைகள் வீட்டுக்கான நிலத்துக்கும், குறைந்தது 30 சதவீதம் பொதுப் போக்குவரத்து, சைக்கிள் பாதை, நடைபாதைக்கும்.

எங்கே பிசகியது? தடங்களை ஒட்டிச் சின்ன வீடுகளுக்குச் சலுகை கொடுத்தார்கள். கட்டியவர்கள் அவற்றை முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள், பல வீடுகள் நாள் வாடகைக்குப் போயின. வீட்டின் அளவைச் சட்டம் பார்த்தது, உள்ளே வசிப்பவரைப் பார்க்கவில்லை. வியன்னாவின் 2018 திருத்தம் இதில் தெளிவு: புதிதாகக் குடியிருப்பு மண்டலமாக்கும் பெரிய மனைகளில் மூன்றில் இரண்டு பங்கு, வாடகை வரம்புள்ள மானிய வீடுகளாக இருக்க வேண்டும்.

கேள்வி: மக்களே பட்ஜெட் போடுவது என்கிறார்கள். கூட்டம் கூட்டினால் சத்தமாகப் பேசுபவர்தானே ஜெயிப்பார்?

பதில்: அதைத் தடுக்கத்தான் போர்ட்டோ அலெக்ரி மதிப்பெண் முறை வைத்தது. பிரேசிலில் 1989-இல் தொழிலாளர் கட்சி நிர்வாகம் தொடங்கிய திட்டம் இது. நகரம் 16 பகுதிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு பகுதிக் கூட்டமும் சாலை, சாக்கடை, வீடு, பள்ளி எது முதலில் என்று வரிசைப்படுத்தும். பிறகு கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பிரதிநிதிகள், அவர்களுக்கு மேலே பகுதிக்கு 2 பேர் வீதம் பட்ஜெட் குழு. பணத்தைப் பங்கிடும்போது மூன்றைப் பார்ப்பார்கள்: அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவு, அந்தப் பகுதி அதற்கு என்ன இடம் கொடுத்தது, மக்கள்தொகை எவ்வளவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைபாட்டுக்கு எடை 4, முன்னுரிமைக்கு 4, மக்கள்தொகைக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் 1 முதல் 4 வரை. முதல் பகுதியில் சாலையே இல்லை (4), அதையே முதலாவதாகக் கேட்டிருக்கிறது (4), ஆனால் சிறிய பகுதி (1). 16 + 16 + 2 = 34. இரண்டாவது பகுதியில் சாலை ஓரளவு உண்டு (1), இரண்டாவதாகக் கேட்டது (3), பெரிய பகுதி (4). 4 + 12 + 8 = 24. போடவிருப்பது 10 கிலோமீட்டர் சாலை என்றால் முதல் பகுதிக்குச் சுமார் 5.9, இரண்டாவதற்கு 4.1. மேடையில் யார் எவ்வளவு உரக்கப் பேசினாலும் இந்தக் கணக்கு மாறாது. முடிவுகள் புத்தகமாக அச்சாகும். அடுத்த ஆண்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் கேள்வி கேட்பார்கள்.

தொடக்கம் மோசமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு வருவாயில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போனது, கேட்டது எதுவும் நடக்கவில்லை, அடுத்த ஆண்டு கூட்டம் மெலிந்தது. சொத்து வரியை ஏறு விகிதமாக்கி வருவாய் பெருகிய பிறகே மக்கள் திரும்பி வந்தார்கள். பணம் இல்லாமல் கருத்துக் கேட்பது மக்களை அவமதிப்பதுதான். 2004 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்ற பின் இந்த முறை தேய்ந்தது. 2017-இல் நிறுத்தி வைக்கப்பட்டது.

கேள்வி: தனியாரிடம் போன குடிநீரைத் திரும்ப எடுக்க முடியுமா?

பதில்: ஒப்பந்தம் முடியும் தேதியைப் பிடியுங்கள். பாரிஸ், ஒப்பந்தங்கள் 2009 இறுதியில் காலாவதியாகும்வரை காத்திருந்து, 2010 ஜனவரி 1 முதல் பொது நிறுவனத்திடம் குடிநீரை ஒப்படைத்தது. 2011-இல் தண்ணீர் விலையை 8 சதவீதம் குறைத்தது. பெர்லின் 1999-இல் குடிநீர் நிறுவனத்தின் 49.9 சதவீதத்தை விற்றிருந்தது. அதை 2012, 2013-இல் திரும்ப வாங்கச் சுமார் 120 கோடி யூரோ ஆனது. மீட்டர் விவரம், பில் போடும் மென்பொருள், ஊழியர் சம்பள விதி இந்த மூன்றும் தனியார் கையில் மாட்டிக்கொள்ளும். ஒப்பந்தம் முடிய ஓராண்டுக்கு முன்பே இவற்றைக் கேட்டு வாங்கத் தொடங்க வேண்டும்.

கேள்வி: ஏழைகள் வாழும் வட்டாரத்தில் சொத்து வரியும் குறைவாகத்தான் வசூலாகும். அந்த வட்டாரம் எப்படி உருப்படும்?

பதில்: நகரம் முழுவதற்கும் ஒரே பணப்பெட்டி வேண்டும். 1921-இல் கிழக்கு லண்டனின் பாப்லர் இதற்காகவே சண்டை போட்டது. வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையை ஒவ்வொரு வட்டாரமும் தன் வரியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பாப்லரில் வேலையில்லாதவர்கள் ஏராளம், வரி கட்டக்கூடிய சொத்து கொஞ்சம். வெஸ்ட்மின்ஸ்டரில் நேர்மாறு. ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையிலான தொழிற்கட்சி உறுப்பினர்கள், லண்டன் மன்றத்துக்கும் காவல்துறைக்கும் வசூலித்துக் கொடுக்க வேண்டிய பங்கை நிறுத்தி, அந்தப் பணத்தை உள்ளூர் ஏழைகளுக்குத் திருப்பினார்கள். நீதிமன்றம் உத்தரவிட்டும் அசையவில்லை. பெண்கள் உட்பட 30 பேர் சிறை சென்றார்கள். மன்றக் கூட்டம் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடந்தது. வேறு சிறையில் இருந்த பெண் உறுப்பினர்களை அதற்காக வண்டியில் அழைத்து வந்தார்கள். ஆறு வாரத்தில் விடுதலை. அந்த ஆண்டே நிறைவேறிய சட்டம், உதவித்தொகைச் செலவை லண்டன் வட்டாரங்கள் அனைத்தும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றாக்கியது. வெஸ்ட்மின்ஸ்டரின் வரிப்பணம் பாப்லருக்கு வரத் தொடங்கியது.