தச்சர் அடித்த காப்பி

கேள்வி: ஜப்பானில் மட்சுமோட்டோ நகரத்துக் கைச்சி பள்ளிக் கட்டடத்தை 2019இல் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தார்களே, மேல்நாட்டுக் கட்டடத்தைப் பார்த்து அடித்த காப்பிக்கு இத்தனை மரியாதையா?

பதில்: இந்தப் பக்கத்தில் நான் எதைப் பாராட்டினாலும் ‘அது காப்பி’ என்று அஞ்சலட்டை எழுதும் அன்பர் ஒருவர் உண்டு, கையெழுத்து வேறாக இருப்பதால் நீங்கள் அவரில்லை என்று நம்புகிறேன். பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதுகிறவன் அவனுடைய தப்பையும் சேர்த்து எழுதி வாத்தியாரிடம் மாட்டிக்கொள்வான். 1876இல் அந்தப் பள்ளியைக் கட்டிய தலைமைத் தச்சர் டடெய்ஷி செய்ஜூ அந்த ரகம் அல்ல. டோக்கியோவுக்கும் யோக்கோஹாமாவுக்கும் போய், அங்கே புதிதாக எழும்பியிருந்த மேல்நாட்டுப் பாணிக் கட்டடங்களைப் பார்த்துக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு ஊர் திரும்பினார். அவருக்குக் கைவந்தது மர வேலை. ஆகவே மரச்சட்டம் கட்டி, சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து பூசி, மூலைகளில் மட்டும் சாம்பல்நிறச் சாந்தை வெட்டுக்கல் அடுக்கியதுபோல் இழைத்துவிட்டார். மரத்திலும் ஒரு பகுதி, கைவிடப்பட்ட பௌத்தக் கோயில் ஒன்றிலிருந்து வந்தது.

கூரைமேல் எண்கோணக் கோபுரம். வாசலில் ஜப்பானியக் கோயில்களுக்கு உரிய டிராகன் சிற்பம். அதற்கு மேல் மேகங்கள் செதுக்கிய மாடம். அதற்கும் மேலே, பள்ளியின் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு சிறகு முளைத்த இரண்டு குழந்தைத் தேவதைகள். டிராகனையும் தேவதைகளையும் ஒரே வாசலில் குடிவைக்க, எந்த மேல்நாட்டு மூலத்தில் அவருக்கு முன்மாதிரி இருந்தது?

தேவதைகள் மட்டும் காப்பிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றை அவர் எடுத்தது மாதாகோயிலிலிருந்து அல்ல, ‘டோக்கியோ நிச்சிநிச்சி’ செய்தித்தாளின் பெயரில் வந்த வண்ணப் படத்தாள்களின் தலைப்பிலிருந்து. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை காலம் இதழ் நடத்தியும் எங்கள் முகப்பெழுத்தை ஒரு டீக்கடைப் பலகைக்குக்கூட யாரும் பார்த்து எழுதியதில்லை. அங்கே ஒரு பத்திரிகையின் தலைப்போ பள்ளிக்கூட வாசலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அன்றைய கணக்கில் ஏறத்தாழ 11,000 யென் ஆன அந்தக் கட்டடத்துக்குப் பத்தில் ஏழு பங்கை ஊர்மக்களே கொடுத்தார்கள். 1963 வரை, அதாவது ஏறக்குறைய 90 ஆண்டுகள், அதில் பிள்ளைகள் படித்தார்கள். பிறகு ஆற்றோரத்திலிருந்து பெயர்த்து இப்போதுள்ள இடத்தில் நிறுத்தினார்கள். அப்போதும் அந்தத் தேவதைகளைத் தனியே கழற்றிவிடச் சொல்லி யாரும் அஞ்சலட்டை போட்டதாகத் தெரியவில்லை.